மூச்சை மறைக்கும் பொத்தான்

ஞானையா ஜெபம் செய்ய உட்கார்ந்தால் ஆண்டவருக்கு எதையும் பொத்தாம்பொதுவாகச் சொல்லமாட்டார். பெயர், இனிஷியல், தேதி எல்லாம் வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தலைமை ஆசிரியராக இருந்தவர். பதிவேடு எழுதிய பழக்கம் வாயைவிட்டுப் போகவில்லை. மகன் சுந்தர்சிங்குக்கு மூலம் கண்ட சங்கதி போன வருஷம் மேற்குத் தாம்பரத்தில் அந்தத் தெரு முழுக்கப் பரவியது இந்தக் குடும்ப ஜெபத்தால்தான். அன்றைக்கு ஜன்னல் திறந்திருந்தது.

இன்றைக்கு ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனால் மருமகள் மெட்டில்டா பாயில் முழங்காலிட்டிருந்தாள். அதைத்தான் கிழவர் மறந்துவிட்டார்.

மெட்டில்டாவின் கழுத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். குரோம்பேட்டை பம்ப் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் அவள்; சுந்தர்சிங்குக்கும் அங்கேதான் வேலை. மூன்று வருஷமாக ரிசீவரைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் ஆர்டர் எழுதி, மறு கையால் போர்டில் ஒயர் செருகி, இடது பக்கம் திரும்பவே முடியாமல் போன கழுத்து. இரண்டு முறை மனு எழுதிக் கொடுத்தும் கண்டுகொள்ளாத மேனேஜர் பத்ரிநாராயணன் போன வாரம் தாமாகவே அவளைக் கூப்பிட்டு, தலையில் மாட்டிக்கொள்ளும் செட் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். மூன்று மாடல் வரும், பிடித்ததை நீயே தேர்ந்தெடு என்றார். மெட்டில்டா அவர் எதிரிலேயே அழுதுவிட்டாள்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே," என்றார் ஞானையா, கண்ணை இறுக மூடிக்கொண்டு. "உமது மகள் மெட்டில்டாவின் கழுத்து நோவை நீர் அறிந்திருக்கிறீர். மேனேஜர் பத்ரிநாராயணன் அவர்களின் இருதயத்தை இளகப்பண்ணினீரே, ஸ்தோத்திரம். இன்றைய தினம் அவள் மூன்றாவது கருவியையே தெரிந்துகொள்ளக் கிருபை செய்யும். பொத்தானை அமுக்கினால் கேட்கிறவளுடைய மூச்சு வெளியே போகாத அந்தக் கருவியையே அவள் கண்ணுக்குக் காட்டும்."

மெட்டில்டா தலையைக் குனிந்தபடியே இருந்தாள். மூன்றாவது கருவி பற்றி அவளுக்கே இன்னும் தெரியாது. மாமாவுக்கு யார் சொன்னது?

"யூனியன் அறையிலிருந்து போகிற பேச்சுகளை அவள் கேட்டு, உமது மகன் சுந்தர்சிங்கிடம் சொல்லவும், அவன் மேனேஜர் அவர்களிடம் சொல்லவும், பதினைந்தாம் தேதி ஸ்ட்ரைக் என்னும் பொல்லாப்பு நீங்கவும், அவனுக்கு டைம் ஆபீஸ் சூபர்வைசர் பதவி கிடைக்கவும் உதவி செய்யும். இந்தக் காரியம் மெட்டில்டாவுக்கு இன்னும் தெரியாது, ஆண்டவரே. ஏற்ற வேளையில் பக்குவமாய் எடுத்துச் சொல்லும் ஞானத்தைச் சுந்தர்சிங்குக்குத் தாரும்."

அவள் கண்ணைத் திறந்தாள். எதிரே சுந்தர்சிங்கின் கண்ணும் திறந்திருந்தது. பாயின் கோரையை விரலால் பிய்த்துக்கொண்டிருந்தான்.

ஜெபத்தின் நடுவில் எழுந்திருப்பது அந்த வீட்டில் கிடையாது. வீடு தீப்பிடித்தாலும் ஆமென் வரவேண்டும். அப்புறம் சபை போதகருக்காக, பக்கத்து வீட்டு அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக, மழைக்காக என்று இன்னும் பத்து நிமிஷம் போயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் மெட்டில்டா தன் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். அவன் முகம் சுண்டைக்காய் வற்றல்போலச் சுருங்கிக்கொண்டே வந்தது.

"...ஜெபம் கேளும் எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே, ஆமென்."

"ஆமென்," என்றான் சுந்தர்சிங், ரொம்ப மெல்ல.

யூனியன் செயலாளர் பெயர் தனசிங். மெட்டில்டாவின் கூடப்பிறந்த தம்பி.

"மாமா, இப்ப நீங்க ஜெபத்துல சொன்னது..." என்று அவள் ஆரம்பித்தாள்.

ஞானையா திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் அங்கே இருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பைபிளை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஜெபத்துல சொன்னதை வெளியில பேசக்கூடாதும்மா. அது ஆண்டவருக்கும் எனக்கும் உள்ளது," என்று சொல்லிவிட்டுப் பல்குச்சி தேடப் போய்விட்டார்.

சுந்தர்சிங் தப்பிக்க வழியில்லாமல் சாப்பிட உட்கார்ந்தான். பழக்கதோஷத்தில் அவள் தோசை வார்த்துப் போட்டாள். அவனும் பழக்கதோஷத்தில் தின்றான்.

"என் தம்பி பேச்சை ஒட்டுக்கேட்டு உங்ககிட்ட ஒப்பிக்கணுமா?"

"ஒட்டுக்கேக்கறதுன்னு ஏன் சொல்றே? நீ ஆபரேட்டர். உன் காதுல விழும். அவ்வளவுதான்."

"காதுல விழறதுக்கு எதுக்குப் பொத்தான்?"

சுந்தர்சிங் மிளகாய்ப் பொடியில் எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான். "உன் தம்பிதானே மெட்டி? ஊரான் பேச்சையா கேக்கச் சொல்றேன்? அவன் ஏடாகூடமா ஏதாவது செஞ்சு வேலை போயிடாம நாம காப்பாத்தறோம்னு நினைச்சுக்கோ."

எண்ணெய் அவன் உதட்டோரத்தில் இறங்கி மோவாயில் நின்றது. அதைத் துடைக்காமலே பேசிக்கொண்டிருந்தான். பதினோரு வருஷம் இந்த வாய்க்குத்தான் சோறு போட்டோமா என்று நினைத்தபடி அவள் அந்தச் சொட்டையே பார்த்தாள்.

"போன மாசம் யூனியன் ரூமுக்குப் புதுசா போன் போட்டுக் குடுத்தாரே உங்க மேனேஜர், அதுவும் இதுக்குத்தானா?"

அவன் இன்னொரு தோசை கேட்டான்.

"ச்சீ," என்றாள் மெட்டில்டா. அடுப்பை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

எலெக்ட்ரிக் ரயிலில் பெண்கள் பெட்டியில் நிற்க இடம் கிடைத்தது. யாரோ வெற்றிலை போட்டு ஜன்னல் கம்பியில் துப்பியிருந்தார்கள். காய்ந்தும் காயாமலும் இருந்த அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மற்ற நாளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். இன்றைக்கு, இவர்களாவது ஜன்னலுக்கு வெளியே துப்பப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாய்க்குப் போய் நன்றி சொல்லி, கைக்குட்டை நனைய அழுத ஆடு நான்தான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

ஆபீஸில் அவள் மேஜைமேல் கருப்பு டெலிபோன், பக்கத்தில் இருபது எண் வைத்த போர்டு. எந்த எண்ணில் கூப்பிடுகிறார்களோ அந்த எண்ணின் சின்ன மூடி டப்பென்று விழும். ஒயரைச் செருகி, என்ன வேண்டும் என்று கேட்டு, இணைத்துவிட்டு அவள் விலகிக்கொள்ள வேண்டும். விலகாமல் லைனிலேயே இருந்தால் பேசுகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அவள் மூச்சும், தலைக்கு மேலே ஓடும் ஃபேன் சத்தமும் அவர்கள் காதுக்குப் போகும். "யாரது லைன்ல?" என்று அதட்டுவார்கள். இதுவரை அவளை யாரும் அப்படி அதட்டியதில்லை. வேலையில் அவளுக்கிருந்த பெருமை அது ஒன்றுதான்.

யூனியன் அறையின் எண் பத்தொன்பது.

ஒன்பதரை மணிக்கு ஆபீஸ் பியூன் குப்புராஜ் மூன்று அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தான். பின்னாலேயே மவுண்ட்ரோடு கடையின் விற்பனையாளர் சாம்பசிவன், நெற்றியில் விபூதியும் கழுத்தில் டையுமாக வந்தார்.

"மேடம், ஒண்ணொண்ணா போட்டுப் பாருங்க. அவசரமே இல்லை. செருப்பு வாங்கற மாதிரிதான், கடிக்குதான்னு நடந்து பார்த்துத்தான் வாங்கணும்."

முதல் பெட்டியில் இருந்தது பழைய மாதிரி. இரண்டு காதையும் மூடும் கருப்புக் கிண்ணங்கள், நடுவில் இரும்புப் பட்டை. பேசுவதற்குக் கொம்பு மாதிரி ஒரு குழல். அது ஒரு தகரத் தட்டில் பொருத்தியிருந்தது. தட்டை மார்பில் வைத்து, வாரைக் கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டியதுமே அவள் கழுத்து நரம்பு விண்ணென்று தெறித்தது.

"இன்னா மேடம் இது, மாட்டுக்கு மணி கட்ன மாதிரி கீது," என்றான் குப்புராஜ்.

இரண்டாவது ஒற்றைக் காது செட். கொஞ்சம் லேசானது. ஆனால் பெட்டியைத் திறந்ததுமே ஒரு நாற்றம். காதில் பதியும் பஞ்சு வட்டம் யாரோ ஒருத்தியின் தேங்காய் எண்ணெயைக் குடித்துக் குடித்துக் கறுத்திருந்தது. அதில் ஒரு நரை முடி ஒட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கு எதிரே வரும் குழலுக்குள் புளித்த எச்சில் வாடை.

"டெமோ பீஸ் மேடம். நாலு ஆபீஸ் போய்ட்டு வந்தது. புதுசு இப்படி இருக்காது," என்றார் சாம்பசிவன், அவசரமாக முடியை எடுத்துக்கொண்டே.

"த்தூ, மூடு சார் அத்த. காலைல துன்ன இட்லி மேல வந்துகினு கீது," என்று குப்புராஜ் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தான்.

மூன்றாவது பெட்டியைச் சாம்பசிவன் இரண்டு கையாலும் திறந்தார். கோயில் பிரசாதத்தைக் கொடுக்கிற மரியாதை. வெளிர் சாம்பல் நிறம். ஒரே ஒரு காது, மெல்லிய கம்பி, வாய்க்கு எதிரே பென்சில் பருமனில் ஒரு குழல். டெலிபோனுக்குப் போகும் ஒயரின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதில் சிவப்பாக ஒரு பொத்தான்.

மெட்டில்டா அதைத் தொடக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் போட்டுப் பார்க்காமல் சொல்லவும் முடியாது. மாட்டிக்கொண்டாள். மாட்டியிருப்பதே தெரியவில்லை. தோள் இறங்கியது. கழுத்து நேராக நின்றது. அதற்குள் ஒரு மூடி விழ, ஒயரைச் செருகிப் பேசினாள். கோயம்புத்தூர் ஆர்டர் ஒன்றை இரண்டு கையும் மேஜையில் இருக்க, நிமிர்ந்து உட்கார்ந்து எழுதி முடித்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இடது பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்த்தாள். வலித்தது, ஆனால் திரும்பியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு சுகமான பொருளை இவ்வளவு கேவலமான காரியத்துக்கா செய்து வைத்தார்கள் என்று இருந்தது.

"இந்தப் பொத்தான் எதுக்கு?" என்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"இருமல், தும்மல் வந்தா அமுக்கிக்கலாம் மேடம். எதிராளிக்குக் கேக்காது. அமுக்கினது அப்படியே நிக்கும், நீங்களா விடுவிச்சாத்தான் வெளில வரும். இருங்க, காட்டறேன்." அவர் உள்ளே ஓடி மேனேஜர் அறை போனிலிருந்து கூப்பிட்டார். "அமுக்கிட்டீங்களா? ஏதாவது பேசுங்க... ஒண்ணும் கேக்கலையே! நீங்க அங்க இருக்கறதே தெரியலை மேடம்! இந்த மாடல்தான் வேணும்னு சார் போன வாரமே ஸ்பெஷலா கேட்டார். மத்த ரெண்டும் சும்மா கூட எடுத்துண்டு வந்தது."

பாவம், அந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாத விற்பனையாளர். அவள் அந்த செட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

தம்பியை எச்சரிக்காமல் விடுவதற்கில்லை. குப்புராஜைக் கூப்பிட்டு, "மெஷின் ஷாப்ல தனசிங்கைப் பார்த்து, சாப்பாட்டு நேரத்துல அக்கா கூப்பிட்டாங்க, கட்டாயம் வரணும்னு சொல்லு," என்று அனுப்பினாள்.

பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் தாமே வந்தார். கையில் வெள்ளி டப்பா, வாயில் சீவல்.

"என்னம்மா மெட்டில்டா, மூணாவதுதானே? ஃபர்ஸ்ட் கிளாஸ் பீஸ். உன் கழுத்துக்குன்னே பண்ணினாப்பல இருக்கு."

"முதல் செட் சார்."

பத்ரிநாராயணன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "எது? அந்தத் தகரமா? அதைக் கழுத்துல கட்டிண்டு நாள் பூரா உக்காரப் போறியா? உனக்கு என்ன பைத்தியமா?"

"நீயே செலக்ட் பண்ணுன்னு சொன்னீங்க சார்."

"சொன்னேன். காரணம் வேண்டாமா?"

சாம்பசிவன் பெட்டியைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார். மெட்டில்டா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சூபர்வைசர் பதவி போகும். அவள் வேலையும் போகலாம். சுந்தர்சிங் வீட்டில் என்ன ஆட்டம் ஆடுவான் என்பதும் தெரியும். ஆனால் மோவாயில் நின்ற அந்த எண்ணெய்ச் சொட்டு கண்ணைவிட்டுப் போகவில்லை.

"அதுல என் மூச்சு கேக்கும் சார். நான் லைன்ல இருக்கேன்னு பேசறவங்களுக்குத் தெரியும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று காட்டிக்கொள்ளவில்லை. டப்பாவைத் திறந்தார், மூடினார். அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சீவல் துணுக்கு ஒன்று முன்பல்லில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"பேஷ். இன்னிக்கு அதையே போட்டுண்டு பாரு. சாயங்காலத்துக்குள்ள கழுத்து உனக்குப் புத்தி சொல்லும். சாம்பசிவன், அந்த மூணாவது பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். வீடு பொழிச்சலூரில். அவர் கார் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டதும் மெட்டில்டா முதல் பெட்டியைத் திறந்தாள். தகரத்தை மார்பில் வைத்து, வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ஒரு மணிக்குள் கழுத்து நெருப்பாக எரிந்தது. ஆனால் மனசு கழுவிவிட்ட தரைமாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவை லைனில் வரும்போதும் கிண்ணத்துக்குள் தன் மூச்சே தனக்குப் புஸ்புஸ்ஸென்று கேட்டது. அழகான சத்தம் இல்லை. ஆனால் திருட்டுத்தனம் இல்லாத சத்தம்.

தனசிங் வரவில்லை. ஒன்றேகால் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. வந்தால் என்ன சொல்வது என்று அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். கணவனைக் காட்டிக்கொடுக்காமல் சொல்ல முடியுமா என்றுகூட யோசித்தாள். முடியாது. பரவாயில்லை, காட்டியே கொடுத்துவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தாள்.

டப்பென்று ஒரு மூடி விழுந்தது. பத்தொன்பது.

ஒயரைச் செருகினாள். "நம்பர் ப்ளீஸ்."

"அக்கா, நான்தான்."

"தனசிங்! ஏன்டா வரலை? உடனே வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், இந்தப் போன்ல பேசாதே..."

"அப்புறம் வரேன்க்கா. மொதல்ல எனக்கு ஒரு வெளி நம்பர் போடு."

"எந்த நம்பர்?"

"மேனேஜர் வீட்டு நம்பர்."

மெட்டில்டா கேட்டதைச் சரியாகத்தான் கேட்டிருந்தாள். இரண்டு காதையும் மூடுகிற செட். வேறு சத்தம் உள்ளே வர வழியில்லை.

"மேனேஜர் வீட்டுக்கா? நீ எதுக்குடா?"

"போடுக்கா. யார்கிட்டயும் சொல்லாதே. மச்சான்கிட்டயும்தான்."

கை பழக்கத்தில் எண்களைச் சுழற்றியது. மணி இரண்டு முறைகூட அடிக்கவில்லை. காத்திருந்தவர் மாதிரி எடுத்தார்.

"யாரு, தனசிங்கா? சொல்லுப்பா, சாப்பிட்டாச்சா?" என்றது பத்ரிநாராயணனின் குரல். மூன்று வருஷத்தில் அவளிடம் ஒரு நாளும் கேட்காத கேள்வி. அந்தக் குரலில் அவ்வளவு வெண்ணெய்.

"ஒரு நிமிஷம் சார்," என்றான் தனசிங். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, உன் மூச்சு கேக்குது. நீ எறங்கிக்கோ."

அவள் லைனிலிருந்து விலகிவிட்டாள். பதினைந்து வயதில் அவனுக்கு டைபாய்டு வந்தபோது அவன் வாந்தியைக் கையில் ஏந்தியவள். அப்போது வராத அருவருப்பு இப்போது வந்தது.

போர்டில் பத்தொன்பதாம் எண்ணிலிருந்து வெளி லைனுக்குப் போன ஒயர் அப்படியே இருந்தது. ஸ்ட்ரைக் நடத்துகிறவனும் அதை உடைக்கப் பார்க்கிறவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். தம்பி மேனேஜரை அழைத்திருக்க ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று மனசு சொல்லிப் பார்த்தது. ஒரு காரணத்தையாவது சொல் பார்க்கலாம் என்று அவளே அதை மடக்கினாள்.

அவள் மார்புத் தகரத்தைக் கழற்றி வைத்தாள். வார் பதிந்த இடத்தில் தோல் தடித்திருந்தது.

மூன்றாவது பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் திறந்து கிடந்தது. அதை டெலிபோனில் செருக அரை நிமிஷம் போதும். பொத்தானை அமுக்க ஒரு விரல் போதும்.

கை தானாகப் போனது. சிவப்புப் பொத்தான் வழவழவென்று, குளிர்ச்சியாக இருந்தது. தொட்ட விரலைச் சட்டென்று இழுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி துடைத்தாள். விரல் சுத்தமான மாதிரியே இல்லை. கண் மட்டும் பத்தொன்பதாம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது.